உளறல் சுவரும் ஓர் அம்மியும்

என் வாழ்நாளில் நான் கட்டியது ஒரே ஒரு சுவர். பத்தடி நீளம், இடுப்பளவு உயரம். அதை இடிப்பதற்கு ஒரு கல்யாணக் கூட்டமே பட்டுப் புடவையும் பட்டு வேட்டியுமாக வரவேண்டியதாயிற்று. இந்தக் கதையை நானே சொல்லிவிடுவதுதான் எனக்கு நல்லது. என் மாமியார் வீட்டு ஆட்கள் சொல்லிக் கேட்டால், நடுவில் நான் அழுததாகவும் சேர்த்துச் சொல்வார்கள். (கண்ணில் தூசி விழுந்தது. அவ்வளவுதான்.)

எனக்குக் கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் எழுதும் வேலை. நாற்பதடி கன்டெய்னரைக்கூடக் கையெழுத்துப் போட்டே வெளியே அனுப்பிவிடுவேன். மற்றபடி பேனாவைவிடக் கனமாக எதையும் தூக்கிப் பழக்கமில்லை. வீட்டில் தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்ப்பதுகூட என் மனைவி கலாதான். காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு மண் உண்டு. துணி காயப்போட ஒரு கொடி, ஒரு முருங்கை மரம், ஓட்டை வாளி இரண்டு. அதுவரை யாருக்கும் எந்தத் தொந்தரவும் தராத இடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்போனில் ஒரு வீடியோ கண்ணில் பட்டது. தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் ஒரு கரண்டி சிமெண்ட்கூட இல்லாமல், கல்லின் மேல் கல்லை அடுக்கிச் சுவர் கட்டுகிறார். அந்தச் சுவரின் இடுக்குகளில் தவளை, ஓணான், வண்டு எல்லாம் குடிவருமாம். சுவரைச் சுற்றிச் செடிகொடிகள் அவற்றின் இஷ்டப்படி வளருமாம். தோட்டக்காரன் அதிகம் கைவைக்காமல் இருப்பதே நல்லதாம். இந்தக் கைவைக்காமல் இருக்கும் பகுதி என் சுபாவத்துக்கு மிகவும் ஒத்துப்போனது. மாலைக்குள் நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்.

“பின்னாடி உலர்கல் சுவர் கட்டப்போறேன்” என்றேன் கலாவிடம்.

“இன்னா, உளறல் சுவரா?”

“உலர்… கல்… சுவர். சிமெண்டே கெடையாது. கல்லோட வெயிட்லயே கல்லு நிக்கும்.”

“ஸ்டூல் மேல ஏறி பல்பு மாட்டறப்ப நீயே நிக்கமாட்ட. கல்லு நிக்கப்போதா?” என்றாள் கலா. அவள் சமையலறைக்குத் திரும்பிவிட்டாள். ஆனால் பெயர் அங்கேயே நின்றுவிட்டது. தெருவுக்கே அது உளறல் சுவர்தான்.

கல்லுக்கு எங்கே போவது? எங்கள் பக்கம் கல் என்றால் கடலோரத்தில் அலையைத் தடுக்கக் கொட்டியிருக்கும் பாறைகள்தான். அவற்றில் ஒன்றை எடுத்தாலும் போலீஸ் வரும், எடுக்கமுடியாவிட்டாலும் முதுகு போகும். அந்த நேரம் பார்த்து டோல்கேட் பக்கத்தில் இருந்த என் மாமியார் வீட்டின் பின்பகுதியை இடித்துப் புதிதாகக் குளியலறை கட்டினார்கள். பழைய அஸ்திவாரக் கருங்கல் ஒரு மலை அளவுக்குக் குவிந்து கிடந்தது. என் மாமியார் பவுனம்மாள் அங்கே ஆப்பக்கடை வைத்திருக்கிறார். விடியற்காலை நாலு மணிக்கே கரண்டியும் கையுமாக நிற்கிற மனுஷி. அதிகம் பேசமாட்டார். பேசினால் அதுதான் சட்டம்.

“பின்னால கெடக்கற கல்லையெல்லாம் எடுத்துகினு போங்க மாப்ள. எடத்த அடச்சிகினு பேஜாரா கீது” என்றார். நான் ஒரு குட்டி யானை வண்டியைக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்துவிட்டேன். ‘கல்லையெல்லாம்’ என்ற அந்த ஒரு சொல்லைத்தான் பிற்பாடு என் தரப்பு வாதமாக வைத்துப் பார்த்தேன். யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

முதல் சுவர் இருபது நிமிடம் நின்றது. நான் போட்டோ எடுக்கப் பின்னால் நகர்ந்தேன், அது முன்னால் நகர்ந்தது. இரண்டாவது சுவர் இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பூனை அதன் மேல் குதித்தது. பூனைக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதற்குள் தெருவில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. சிமெண்ட் வாங்க வழியில்லாமல் மனுஷன் வெறும் கல்லை அடுக்கி அடுக்கிப் பார்க்கிறான், பாவம் என்று. எதிர் வரிசையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் காதர் பாய் ஒருநாள் பாதி மூட்டை சிமெண்டைத் தன் தோளிலேயே தூக்கிவந்து பின்பக்கம் இறக்கினார்.

“பாய், இது சிமெண்ட் இல்லாத சுவரு” என்றேன்.

“அதான் எனக்கும் தெரியுதே, நைனா” என்று அன்போடு என் முதுகில் தட்டிவிட்டுப் போனார். நான் அந்த மூட்டையைத் தொடக்கூட இல்லை. கொள்கை. அன்று மழை பெய்தது. மறுநாளும் பெய்தது. மூன்றாம் நாள் பார்த்தால் மூட்டை, மூட்டை வடிவத்திலேயே பாறையாகிக் கிடந்தது. நல்ல தட்டையான கல். பிற்பாடு கட்டிய சுவரின் நடுவரிசையில் கச்சிதமாக உட்கார்ந்தது. சிமெண்டே இல்லாத சுவரில் பாதி மூட்டை சிமெண்ட் இருந்த கதை இதுதான்.

தோட்டமும் இஷ்டப்படி வளர ஆரம்பித்தது. குப்பைமேனி, தும்பை, நாயுருவி, பெயர் தெரியாத இன்னும் நாலு. நாயுருவி மட்டும் துவைத்த துணியிலெல்லாம் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்தது. கொசு மருந்து அடிக்கிற ஊழியர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, “வூட்ல ஆள் கீறாங்களா, இல்ல காலி பண்ணிட்டாங்களா?” என்று கலாவிடமே கேட்டார். அன்று இரவு எனக்கு ரசம் மட்டும்தான்.

மூன்றாவது சுவருக்கு முன்னால் வீடியோவைப் பொறுமையாகப் பார்த்தேன். தாடிக்காரர் தெளிவாகச் சொல்கிறார்: அடியில் போடுகிற கல்தான் எல்லாம். அது பெரிதாக, தட்டையாக, அசையாததாக இருக்கவேண்டும். என் குவியலைக் கிளறினேன். அடியிலிருந்து ஒரு கல் வந்தது. இரண்டு முழ நீளம், ஒரு முழ அகலம், மேல்பக்கம் வழவழவென்று கண்ணாடி மாதிரி. அதைப் புரட்டவே எனக்குக் கால்மணி நேரம் ஆயிற்று.

அது அம்மி என்று தெரியாமல் செய்துவிட்டேன் என்று இன்றுவரை எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். இங்கே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தெரியும். நன்றாகவே தெரியும். மாமியார் வீட்டில் இரண்டு மிக்சி இருக்கிறது, இந்தக் காலத்தில் யார் அம்மியில் அரைக்கிறார்கள் என்று நினைத்தேன். அரைப்பதைத் தவிர அம்மிக்கு இன்னொரு வேலை உண்டு என்பது அந்த நேரத்தில் என் மூளைக்கு எட்டவே இல்லை. அதே அம்மியின் மேல் பதினொரு வருஷம் முன்னால் கலாவின் வலது காலைப் பிடித்துத் தூக்கி வைத்து, மெட்டி போட்டவன் நான்தான்.

அம்மியைக் குப்புறக் கவிழ்த்தால் ஆடியது. எனவே வழவழப்பான பக்கம் மேலே இருக்கும்படி மண்ணில் பாதி புதைத்து, அதன் மேல் மற்றக் கற்களை ஏற்றினேன். சுவர் நின்றது. பூனை குதித்தது, நின்றது. மழை பெய்தது, நின்றது. ஒரு மாதத்துக்குள் இடுக்கில் ஒரு தவளையே குடிவந்துவிட்டது. உள்ளங்கை அளவு, மேலெல்லாம் முண்டும் முடிச்சுமாக. எனக்கு ஒரு பிள்ளை பிறந்த மாதிரி இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் மச்சினிச்சி ரேவதிக்கு மாத்தூர்ப் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. பையன் சதீஷ், துறைமுகத்தில் கிரேன் வேலை. நிச்சயத்துக்கு முன்பே எங்கள் வீட்டுக்கு ஸ்வீட் பாக்கெட்டோடு வந்தான். அவனை முதலில் சுவரைப் பார்க்கத்தான் கூட்டிப்போனேன். அவன் குனிந்து, நிமிர்ந்து, ஒரு கண்ணை மூடி எல்லாம் பார்த்தான்.

“சோக்கா கீது சகல. எது மேல எது நிக்குதுன்னே தெரியல.”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “அதான் தொழிலு. இதுல ஒரு கல்ல உருவினா, மொத்தமும் வந்துரும்” என்றேன் மார்பை நிமிர்த்தி. இந்த வாக்கியத்தை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது மாமியார் போன் செய்தார்.

“மாப்ள, குழவி மட்டும் இங்க தனியா கெடக்குது. அம்மியக் காணோம். கல்லோட கல்லா உங்க வூட்டுக்கு வந்துட்ச்சா?”

“ஆமா அத்த, இங்கதான் கீது.”

“அதான பாத்தேன். அது என் அம்மா வூட்லேர்ந்து கொணாந்தது மாப்ள. நான் மிதிச்சது, கலா மிதிச்சது. ரேவதியும் அதுலதான் மிதிக்கணும். பத்திரமா வச்சிக்கீறீங்கல்ல?”

“ரொம்பப் பத்திரமா கீது அத்த.”

அதில் பொய் எதுவும் இல்லை. அதைவிடப் பத்திரமாக ஓர் அம்மியை யாராலும் வைக்கமுடியாது. ஆனால் போனை வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்ச் சுவரைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்றே பிரித்து எடுத்திருக்கலாம். ஒரு நாள் வேலை. மனசு வரவில்லை. அதுதான் உண்மை. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் செய்த ஒன்று கீழே விழாமல் நிற்கிறது, அதைப் பிரிப்பதா?

அப்போதுதான் டெக்கரேஷன்காரர் கைகொடுத்தார். மேடைக்கு வேண்டிய அம்மியும் அவரே கொண்டுவருவாராம், பூவெல்லாம் சுற்றி, போட்டோவுக்கு அழகாக. மாமியாரிடம், “அவ்ளோ கனத்தத் தூக்கிகினு அலையறது வேணாம் அத்த, மண்டபத்துக்கே அம்மி வருது” என்று சொன்னேன். “சரி, உங்க இஷ்டம்” என்றார். அந்தக் குரலில் இருந்த வருத்தம் எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

கல்யாணம் வெள்ளிக்கிழமை, தேரடி பக்கத்தில் ஒரு மண்டபத்தில். ஒன்பது முதல் பத்தரை முகூர்த்தம். பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம். ஒன்பதரைக்கெல்லாம் தாலி கட்டி முடிந்தது. நான் நிம்மதியாக முன்வரிசையில் உட்கார்ந்து போண்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். டெக்கரேஷன்காரர் அம்மியைக் கொண்டுவந்தார். ஒரு கையால். அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

அது தெர்மாகோல். மேலே கருங்கல் டிசைன் போட்ட ஸ்டிக்கர், சுற்றிலும் சாமந்திப்பூ. தூரத்திலிருந்து பார்த்தால் அசல் அம்மியைவிட அம்மியாக இருந்தது. ஐயர் மஞ்சள் குங்குமம் வைத்தார். சதீஷ் குனிந்தான். அப்போது மாமியார் எழுந்தார். “இருங்க. அம்மின்னா குழவி இல்லாமயா?” என்று சொல்லிக்கொண்டே வயர் கூடையிலிருந்து தன் வீட்டுக் குழவியை எடுத்தார். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாயில் போண்டா இருந்தது.

குழவியை அவர் மெதுவாகத்தான் வைத்தார். டப் என்று ஒரு சத்தம். அம்மி இரண்டாகப் பிளந்து, குழவி உருண்டு போய் ஐயரின் கால் கட்டைவிரலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. மேடையெங்கும் வெள்ளை உருண்டைகள் பறந்தன. மேளக்காரர் அதையும் ஒரு சடங்கு என்று நினைத்துக் கெட்டிமேளம் கொட்டினார். “இன்னொரு வாட்டி வைங்கம்மா, கவர் ஆவல” என்றார் வீடியோக்காரர்.

ரேவதியின் முகம் வெளுத்துவிட்டது. கூட்டத்தில் குசுகுசு கிளம்பியது. சதீஷின் அம்மா எழுந்து நின்றார். கனத்த உடம்பு, கனத்த குரல். “இன்னா சம்பந்தி இது, பொம்மைக் கல்லு வச்சிகினு?” என்றார்.

மாமியார் கொஞ்சமும் கலங்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். “அது கெடக்குது சம்பந்தி. அசல் அம்மி எங்களாண்ட கீது. எங்க பெரிய மாப்ள வூட்ல பத்திரமா வச்சிக்கீறாரு. நாலு தெருதான், இப்ப வந்துரும்.” முந்நூறு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என்னை அப்படி மரியாதையாகக் கூட்டம் பார்த்தது அதுதான் முதலும் கடைசியும்.

சதீஷின் கூட்டாளிகள் இரண்டு பேர், துறைமுகத்தில் சுமை ஏற்றுகிறவர்கள், என்னோடு ஆட்டோவில் ஏறினார்கள். வீட்டு வாசலில் இறங்கினோம். பின்பக்கம் போய்ச் சுவரைக் காட்டினேன்.

“அம்மி எங்கண்ணா?”

கீழே காட்டினேன். இருவரும் குனிந்து பார்த்தார்கள். ஒருவன் ஒரு கல்லை அசைத்தான். “உருவாத, மொத்தமும் வந்துரும்” என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நிலைமையிலும் சுவரைக் காப்பாற்றத்தான் எனக்குத் தோன்றியது. கலாவுக்குப் போன் போட்டேன். அவள் ஐயர் பக்கத்தில் நிற்கிறாள் என்பதும், சத்தத்தில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள் என்பதும், ஐயர் கழுத்தில் மைக் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியாது.

“எடுத்துட்டியா?”

“இல்ல கலா. அது… சுவத்துல கீது.”

“சுவத்துல மாட்டி வச்சிக்கீறியா?”

“சுவத்துக்கு அடியில. அது மேலதான் சுவரே கீது.”

மறுமுனையில் என் குரல் எனக்கே எதிரொலித்தது. மண்டபத்தின் நான்கு மூலை ஸ்பீக்கரிலும் என் குரல்தான் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர்கூட வாளியோடு நின்றுவிட்டாராம். பிறகு மாமியாரின் குரல் மட்டும் மெதுவாக வந்தது. “பத்திரமா கீதுன்னாரே.”

“பத்திரமாத்தான் கீது, யாராலயும் எடுக்க முடியாது” என்று யாரோ சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை. (இப்போது சொன்னால் சிரிக்கிறார்கள்.)

அடுத்து கேட்டது ஐயரின் குரல். “மணி பத்து. அம்மி பொண்ணுகிட்ட வரலேன்னா, பொண்ணு அம்மிகிட்ட போகட்டும். கிளம்புங்கோ.”

பத்து நிமிடத்தில் எங்கள் தெரு நிரம்பிவிட்டது. பூ ஒட்டிய காரில் பெண்ணும் மாப்பிள்ளையும். ஷேர் ஆட்டோவில் நாதஸ்வரமும் தவிலும், இறங்குகிற வரை வாசித்துக்கொண்டே. யாரோ ஒருவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, மடியில் தேங்காய்த் தட்டோடு ஐயர். பின்னால் நடந்தும் ஓடியும் ஐம்பது அறுபது பேர். எல்லோரும் என் வீட்டுக் கூடம் வழியாக, அடுப்படி வழியாக, நாயுருவிக் காட்டுக்குள் வந்து நின்றார்கள். பட்டுப் புடவைகளில் நாயுருவி ஒட்டிக்கொண்டது.

மாமியார் சுவரைப் பார்த்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ரேவதிதான் மாலையைச் சரிசெய்தபடி என்னிடம் வந்தாள். நான் கலாவைக் கட்டியபோது அவள் பள்ளிக்கூடச் சீருடையில் இருந்த சின்னப் பெண்.

“மாமா, அக்கா மிதிச்சதுல நானும் மிதிக்கணும்னு அம்மாவுக்கு ரொம்ப ஆச. வேற ஒண்ணும் இல்ல” என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இடுப்பளவுச் சுவர் ஒன்று என்னைக் காட்டிலும் உயரமாகத் தெரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டினேன். “பிரிச்சிடலாம்” என்றேன். தூசி கண்ணில் விழுந்தது அப்போதுதான்.

சதீஷ் மாலையைக் கழற்றி முருங்கைக் கிளையில் மாட்டினான். வேலைத்தளத்துக்கு வந்த மாதிரி ஒரே நிமிடத்தில் மாறிவிட்டான். “எல்லாம் வரிசையா நில்லுங்க. மேலேர்ந்து ஒண்ணொண்ணா வரும், கை மாத்தி உடுங்க. ஆரியா… ஆரியா… மெள்ள.” (துறைமுகத்தில் கிரேனை இறக்கச் சொல்வதற்கு ‘ஆரியா’ என்பார்கள்.) ஆரியா ஆரியா என்று அவன் சொல்லச் சொல்ல, என் சுவர் சித்தி கையிலிருந்து பெரியம்மா கைக்கும், பெரியம்மா கையிலிருந்து வீடியோக்காரர் கைக்கும் போயிற்று. நாதஸ்வரக்காரர் ஒரு கல்லை வாங்கிக் கொடுத்துவிட்டு ஒரு வரி வாசித்தார், அடுத்த கல்லை வாங்கினார்.

எதிர்க் கடையிலிருந்து வந்து வரிசையில் சேர்ந்துகொண்ட காதர் பாய், நடுவரிசையிலிருந்து வந்த ஒரு கல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூட்டையின் தையல்கூட அதில் பதிந்திருந்தது. “இது நம்ம கடைச் சரக்கு ஆச்சே” என்றார். பிறகு விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, “நல்லா செட் ஆயிகீது” என்று அடுத்தவரிடம் கொடுத்தார்.

“பத்து பத்தொன்பது” என்றார் ஐயர். பாதிச் சுவர்தான் குறைந்திருந்தது. இப்படி ஒவ்வொன்றாக எடுத்தால் முடியாது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எந்தக் கல்லை எடுத்தால் என்ன ஆகும் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். வலது ஓரத்தில் கீழிருந்து இரண்டாவதாக ஒரு முக்கோணக் கல். அதைப் பொருத்த எனக்கு ஒரு சனிக்கிழமை முழுதும் ஆனது. எல்லோரையும் விலகச் சொன்னேன். குனிந்தேன். உருவினேன்.

மொத்தமும் வந்தது. சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். நான் சொன்னது சரிதான் என்று சதீஷை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அவனும் தலையாட்டினான். புழுதி அடங்கியபோது, ஐயரின் பூணூல் நீங்கலாக எல்லோரும் ஒரே நிறத்தில் இருந்தார்கள். ஆளாளுக்குக் கற்களைக் கையாலும் காலாலும் ஒதுக்கினார்கள். மண்ணில் பாதி புதைந்தபடி, வழவழவென்று அம்மி தெரிந்தது. அதன் நட்டநடுவில் என் தவளை உட்கார்ந்திருந்தது.

“ஷூ” என்றார் ஐயர். அது அசையவில்லை. மூன்று மாதம் குடியிருந்த வீடு, அதற்கும் கோபம் இருக்காதா? கிரேனில் முப்பது டன் இறக்குகிற சதீஷ் இரண்டடி பின்னால் போனான். சுமை தூக்குகிற கூட்டாளிகள் நான்கடி போனார்கள். “பத்து இருபத்திநாலு” என்றார் ஐயர்.

மண்டபத்தில் குரல் உயர்த்திய சதீஷின் அம்மாதான் முன்னால் வந்தார். புடவைத் தலைப்பால் தவளையை அப்படியே அள்ளி எடுத்தார். முகத்துக்கு நேராக வைத்து ஒரு பார்வை பார்த்தார். “யாருப்பா நீ, பொண்ணு வூடா, புள்ள வூடா?” என்று கேட்டுவிட்டு ஓட்டை வாளிக்குள் விட்டார். “இவருக்கும் ஒரு எல போடுங்க.” அந்த இடத்தில் முதலில் சிரித்தது என் மாமியார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

கலா முந்தானையால் அம்மியைத் துடைத்தாள். மஞ்சள் வைத்தார்கள். மாமியார் கூடையிலிருந்து குழவியை எடுத்து அதன் தலைமாட்டில் வைத்தார். சதீஷ் ரேவதியின் வலது காலைப் பிடித்தான். “ஆரியா… ஆரியா…” என்று பின்னாலிருந்து கூட்டாளிகள் மெதுவாகச் சொல்ல, கால் அம்மியில் இறங்கியது. மெட்டி ஏறியது. மணி பத்து இருபத்தேழு. ஐயர் வானத்தைக் காட்டி, அருந்ததியைப் பார்க்கச் சொன்னார். அந்தத் திசையில் எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கி ஒன்றுதான் தெரிந்தது. இருவரும் கைகூப்பி அதைப் பார்த்தார்கள்.

சாப்பாட்டுக்கு எல்லோரும் மண்டபத்துக்குத் திரும்பியபோது மாமியார் மட்டும் நின்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு, “மன்னிச்சிக்கங்க அத்த. சாயந்தரமே எடுத்தாந்து உங்க வூட்ல போட்டுடறேன்” என்றேன்.

“வேணாம் மாப்ள. மண்ணுல நல்லா உக்காந்துட்ச்சி. குழவியும் இங்கயே கெடக்கட்டும். பிரிச்சி வச்சதுதான் தப்பு” என்றார். இரண்டடி போனவர் திரும்பினார். “சுவரு மட்டும் அது மேல வேணாம்.”

சட்டம் சட்டம்தான். சுவரைத் திரும்பக் கட்டினேன், அம்மி இருக்கிற இடத்தில் மட்டும் ஒரு வாசல் அளவு இடைவெளி விட்டு. சிமெண்ட் மூட்டை பழைய இடத்திலேயே இருக்கிறது. தவளை மூன்றாம் நாளே திரும்பிவிட்டது. அந்த இடத்தில் வாஷிங் மெஷினுக்கு ஒரு ஷெட் போடவேண்டும் என்று கலா வருஷா வருஷம் கேட்கிறாள், கிடைக்கப்போவதில்லை. ஏனென்றால் விஷயம் எங்கள் கையை விட்டுப் போய்விட்டது. ரேவதிக்குப் பிறகு மாமியாரின் தம்பி மகள் வந்து மிதித்துவிட்டுப் போனாள். அப்புறம் சதீஷின் கூட்டாளி ஒருவன் தன் பெண்டாட்டியோடு. ஊர்ப் பெயரே காலடிப்பேட்டை, காலடி வைக்க இதைவிடப் பொருத்தமான இடம் ஏது என்று அவர்களே ஒரு காரணமும் கண்டுபிடித்துவிட்டார்கள். முகூர்த்த நாளென்றால் காலையிலேயே நான் நாயுருவி பிடுங்க வேண்டியிருக்கிறது. செடிகள் இஷ்டப்படி வளர்வதெல்லாம் பழைய கதை.

போன வாரம் மாத்தூரிலிருந்து ஒரு பத்திரிகை வந்தது. சதீஷின் சித்தப்பா மகன் கல்யாணம். மஞ்சள் தடவிய அட்டையில் முகூர்த்த நேரம், மண்டபத்தின் பெயர் எல்லாம் போட்டுவிட்டு, அதற்குக் கீழே தனி வரியில் அச்சடித்திருந்தார்கள்: ‘அம்மி மிதித்தல்: உளறல் சுவர், காலடிப்பேட்டை.’ அன்பளிப்புகளைத் தவிர்க்கவும் என்று வழக்கமாகப் போடுகிற கடைசி மூலையில், பொடி எழுத்தில் இன்னொன்றும் இருந்தது. கலா அதை என் முகத்துக்கு நேராகப் பிடித்துச் சத்தமாகப் படித்தாள்.

‘பெரிய சகலை அவர்கள் எந்தக் கல்லையும் எடுத்துச் செல்ல வேண்டாம் என அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.’